தூங்கும் அறையை எழுப்ப நேரமாகும்

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ அழுதுகொண்டே கேட்டபோது, "சரி, பிரச்சனை வேணாம், கையெழுத்துப் போட்டுக் குடுத்துடு" என்று சொன்னேன். அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். போடாதே. வருகிற திங்கட்கிழமை அவர்கள் அந்தத் தாளை உன் முன்னால் வைக்கும்போது பேனாவைத் தொடாதே. நாலு நாளில் அம்மா பேச்சை மாற்றுகிறாளே என்று உனக்குத் தோன்றும். உண்மையில் ஐந்து வருஷம் தாமதமாக மாற்றுகிறேன். இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் அனுப்பவில்லை. நம் சென்டரில் பட்டுப்புழு எடுக்கும் குடும்பங்கள் எல்லோரும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவிலும் போடப்போகிறேன். முன்பு நம்மிடம் எடுத்துக்கொண்டிருந்து பிறகு வேறு இடம் பார்த்துப் போனவர்களுக்கும் தனியாக அனுப்புவேன். உனக்குக் கூச்சமாக இருக்கும், பொறுத்துக்கொள். நான் உனக்குச் செய்தது அத்தனை பேர் முன்னால் செய்தது. அதை உன் காதோடு மட்டும் சொல்லிச் சரிப்படுத்த முடியாது.

குழுவில் இருப்பவர்களுக்கு நீ பெங்களூரில் என்ன வேலை செய்கிறாய் என்று தெரியாது. "கம்ப்யூட்டர்ல ஏதோ" என்று நானே இத்தனை நாள் சொல்லி ஒப்பேற்றி வந்தேன். எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன், தப்பிருந்தால் சிரித்துக்கொள். நாம் போனில் பணம் அனுப்புவது, பஸ்ஸில் இடம் பிடிப்பது, போட்டோ சேர்த்து வைப்பது எதுவும் நம் கையில் இருக்கும் போனுக்குள் நடப்பதில்லை. கிளவுட் என்று பேர் வைத்திருக்கிறார்களே தவிர அது வானத்திலும் நடப்பதில்லை. ஜன்னல் இல்லாத பெரிய கட்டடங்களுக்குள் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களை அடுக்கி வைத்து இராப்பகலாக ஓட்டுகிறார்கள். ஓடுவதற்குக் கரண்ட், ஓடிச் சூடானதைக் குளிரவைக்கவும் கரண்ட். அதில் பாதி மெஷின்களுக்குப் பாதி நேரம் வேலையே இருப்பதில்லை, ஆனாலும் சும்மா ஓடிக்கொண்டு கரண்டை இழுத்துக்கொண்டே இருக்கின்றன. நீ எழுதிய புரோகிராம் அங்கங்கே சிதறிக் கிடக்கும் வேலைகளைச் சில மெஷின்களில் ஒன்றுசேர்க்கும். காலியான மெஷின்களைத் தூங்கவைக்கும். இந்த நிமிஷமே முடிய வேண்டிய வேலை எது, மத்தியானம் வெயில் ஏறி சோலார் கரண்ட் வருகிறவரை பொறுக்கக்கூடிய வேலை எது என்று பிரித்து வரிசைப்படுத்தும். இதை நீ முதல் தடவை வீடியோ காலில் விளக்கியபோது உன் முகம் இருந்த இருப்பை நான் மறக்கவில்லை. "எட்டு மாசம் ஓடுச்சும்மா, ஒரு தடவ கூட தடங்கல் இல்ல" என்றாய்.

பிறகு நடந்ததையும் நீ சொன்னபடியே எழுதுகிறேன். திடீரென்று வேலை கூடினால் தாங்கிக்கொள்வதற்காக, பத்து மெஷினுக்கு இரண்டு மெஷின் வேலை இல்லாவிட்டாலும் விழித்தே இருக்க வேண்டும் என்று நீ எழுதி வைத்திருந்தாய். மிச்சமான கரண்டை இன்னும் பெரிதாகக் காட்ட உன் மேலதிகாரி அம்மா அந்த இரண்டையும் தூங்கவைக்கச் சொன்னார். வேண்டாம் என்று நீ மெயில் எழுதினாய். அவரே மாற்றிவிட்டார். இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் கூட்டம் முட்டியது. தூங்கிய மெஷின்கள் எழுந்து வருவதற்குள் எல்லாம் நின்றுபோய், எங்கோ ஒரு ஆஸ்பத்திரியில் டோக்கன் போட முடியாமல் நோயாளிகள் வரிசையில் நின்றார்கள். இப்போது உன் முன்னால் ஒரு தாள். விழித்திருக்க வேண்டிய மெஷின்களைக் குறைத்தது நான்தான், இந்தப் புரோகிராமின் யோசனையே சரியில்லை என்று அதில் எழுதியிருக்கிறது. கையெழுத்துப் போட்டால் உன்னை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டு, புரோகிராமை நிறுத்திவிட்டு, மறுபடி எல்லா மெஷினையும் இராப்பகலாக ஓடவிடுவார்கள். போடாவிட்டால் விசாரணை வரும், யார் வேலை போகும் என்று தெரியாது.

மெயில் இருக்கிறதே, அதைக் காட்டினால் என்ன என்று நான் கேட்டேன். அதற்கு நீ சொன்னாய்: "காட்டினா அவங்க வேல போயிடும்மா. எனக்கு எல்லாம் கத்துக் குடுத்தவங்க. அவங்க எனக்கு உன்ன மாதிரிம்மா."

நீ பாசத்தில்தான் சொன்னாய், தெரியும். ஆனால் அதற்குமேல் என்னால் உட்கார முடியவில்லை. பேச்சு அந்த இடத்திலேயே நின்றால் ஐந்து வருஷத்துக்கு முந்தின அந்த மார்கழி மாசம் வெளியே வந்துவிடும் என்று பயந்துதான் அவ்வளவு அவசரமாகப் போட்டுக் குடுத்துடு என்றேன். போனை வைத்த பிறகு புழுவுக்கு மல்பெரித் தழை நறுக்கப் போனேன். கை வேலை செய்தது, மனசு செய்யவில்லை. தன்மேல் இல்லாத குற்றத்தை ஏற்றுக்கொண்டு, பிரியமானவர்களைக் காப்பாற்றும் பழக்கம் உனக்கு எங்கிருந்து வந்தது? அந்த மேலதிகாரி அம்மா கற்றுக் கொடுக்கவில்லை. அவர் வருவதற்கு முன்பே நீ அதில் தேறியிருந்தாய்.

உன் பெங்களூர் சிநேகிதிகள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு நம் வேலை புரியாது, அதனால் அதையும் சொல்கிறேன். பட்டுப்புழு முட்டையில் இருந்து வந்ததும் எறும்பின் பாதி அளவுதான் இருக்கும். அந்த வயசில் அதற்கு ஒரே மாதிரி சூடும், ஒரே மாதிரி ஈரமும், கொழுந்து இலையைப் பொடியாக நறுக்கிப் போடுவதும் வேண்டும். ஒவ்வொரு விவசாயி வீட்டிலும் இது முடியாது. அதனால் முட்டையைப் பொரிக்கவைத்து, முதல் எட்டு நாள் வளர்த்து, இரண்டு தடவை தோலுரித்த பிறகு விவசாயிகளுக்குக் கொடுப்பதற்கென்று சென்டர்கள் இருக்கின்றன. நான் விலங்கியல் படித்தவள். நீ எட்டாவது படிக்கும்போது, காரிமங்கலத்தில் இருந்து உள்ளே போகும் ரோட்டில், நம் மல்பெரி தோட்டத்தை ஒட்டி மூன்று அறை கட்டி இதைத் தொடங்கினேன். பொம்பளை வைத்த சென்டர் எத்தனை நாளைக்கு என்று பந்தயம் கட்டாத குறையாகப் பேசினார்கள். பேசினவர்களில் சிலர் இன்றைக்கு இதே குழுவில் இருக்கிறீர்கள். எனக்குக் கோபம் இல்லை, ஆனால் மறக்கவும் இல்லை. என் முதுகுக்குப் பின்னால் யாரோ எப்போதும் காத்திருக்கிறார்கள், நான் ஒரே ஒரு தப்புச் செய்தால் போதும் என்று நினைத்தபடியேதான் அந்த வருஷங்களை ஓட்டினேன். நான் செய்ததற்கு இது சமாதானம் ஆகாது. எந்த மண்ணில் அது முளைத்தது என்று மட்டும் சொல்கிறேன்.

நீ காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது விடுமுறைக்கு வந்தாய். அந்த மார்கழிக் குளிர் உனக்கு ஞாபகம் இருக்கும். மூன்று அறையிலும் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு அறையில் மூன்று குடும்பத்துப் புழு, இன்னொன்றில் நாலு, மற்றதில் நாலு. ஒவ்வொருவரும் ஒவ்வொரு தேதி கேட்பதால், அந்தந்த வயசுப் புழுவை அந்தந்த அறையில் வைப்பது வழக்கம். தட்டு அடுக்கும் ஸ்டாண்டுகளில் பாதிக்கு மேல் காலி. நீ கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "எதுக்குமா மூணு ரூமுக்கும் சூடு? காலி ஸ்டாண்டுக்கா குளிருது?" என்றாய். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் நீ மாதக் காலண்டர் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் கோடு கிழித்தாய். பதினோரு குடும்பத்தையும் எழுதினாய். யார் தோட்டத்தில் இலை தயாராகிவிட்டது, தள்ளிப்போட்டால் முற்றிவிடும், அவர்கள் காத்திருக்க முடியாதவர்கள். யார் இப்போதுதான் செடியை வெட்டிக் கவாத்து செய்திருக்கிறார்கள், அவர்கள் நாலு நாள் பொறுக்கலாம். செவ்வாய்க்கிழமை புழுவை வூட்டுக்குள் எடுக்க மாட்டோம் என்பவர்கள், கரிநாள் பார்ப்பவர்கள், அஷ்டமி நவமி ஆகாது என்பவர்கள் என்று அவர்களுக்கும் அடையாளம் போட்டாய். நம் தங்கராசு அண்ணா மட்டும் மூன்றையும் பார்ப்பார், அவர் பேருக்கு எதிரில் நீ மூன்று அடையாளம் போட்டு, "இவரு ஒருத்தருக்கே தனி காலண்டர் அடிக்கணும்மா" என்றாய். முட்டையைக் குளிரில் வைத்துப் பொரிப்பதை இரண்டு நாள் தள்ளிப்போட முடியும் என்று நான் சொன்னதும் உன் கண் விரிந்தது. எல்லோருடைய புழுவும் ஒரே நாளில் பொரித்து, ஒரே நாளில் கிளம்பும்படி ஒரு வியாழக்கிழமையைக் கண்டுபிடித்தாய். மூன்று அறை வேலை ஒரே அறையில் அடங்கிவிட்டது. நான் ஒவ்வொரு வூடாகப் போன் போட்டுச் சம்மதம் வாங்கினேன்.

அப்போது நீ சொன்ன ஒன்றை நான் இந்த ஐந்து வருஷத்தில் யாரிடமும் சொன்னதில்லை. இரண்டாவது அறையை முழுக்க அணைக்காதே, காலியாக இருந்தாலும் கொஞ்சம் சூட்டிலேயே வைத்திரு என்றாய். இங்கே ஏதாவது ஆனால் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு அங்கே போக வேண்டும், தூங்குகிற அறையை எழுப்ப நேரமாகும் என்றாய். காலேஜில் படித்ததா, நீயாக யோசித்ததா தெரியாது. சரி சரி என்று தலையாட்டினேன். நீ அந்தப் பக்கம் போனதும், ஆளில்லாத வூட்டுக்கு எதுக்கு அடுப்பு என்று இரண்டாவது அறையின் ஹீட்டரை நானே அணைத்தேன். அணைத்தது நான். என் கை. இதைக் குழுவில் இருக்கும் எல்லோரும் இரண்டு தடவை படியுங்கள்.

ஐந்தாம் நாள் காலை பத்து மணி வாக்கில் ஹீட்டரின் சூட்டுக் கம்பி கருகிவிட்டது. உன் அப்பா தருமபுரிக்குப் போயிருந்தார். புழு தோலுரிக்கும் நேரம், சூடு இறங்கக் கூடாது. நீ ஓடிப்போய் இரண்டாவது அறையைத் திறந்தாய். உள்ளே கிணற்றுத் தண்ணி மாதிரி குளிர். நீ என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் கேள்விதான் இருந்தது, குற்றம் சொல்லவில்லை. ஹீட்டரைப் போட்டாய். "ரெண்டு மூணு மணி நேரம் ஆகும்மா, அதுவரைக்கும் தட்டுமேல துணி போட்டு மூடி வெப்போம், சூடு கொஞ்சம் கொறஞ்சா செத்துடாது" என்றாய். நீ சொன்னதுதான் சரி. விலங்கியல் படித்த எனக்கும் அது தெரியும். ஆனால் எனக்குப் பதினோரு குடும்பத்தின் முகம் தெரிந்ததே தவிர புழு தெரியவில்லை. அப்பா கடலை வறுக்க வைத்திருந்த கரி அடுப்பைப் பற்றவைத்து, கங்கு நிறைய அள்ளிப்போட்டு, அறைக்கு நடுவில் வைத்து, ஜன்னலை எல்லாம் சாத்தினேன். வேண்டாம்மா, புகை வரும் என்று நீ என் கையைப் பிடித்தாய். உதறினேன். அந்தக் காலத்தில் எல்லோரும் கரி போட்டுத்தான் வளர்த்தார்கள் என்று கத்தினேன். அந்தக் காலத்தில் கூரைவூடு, காற்று போக நூறு ஓட்டை. நான் கட்டியது காற்று நுழையாத அறை. மத்தியானம் கதவைத் திறந்தபோது புகை கண்ணை எரித்தது. தட்டுகளில் புழுக்கள் துவண்டு, கை வைத்தால் ஒட்டுகிற மாதிரி கிடந்தன. நாலில் மூன்று பங்கு போய்விட்டது.

மறுநாள் காலையில் எல்லோரையும் வரச்சொன்னேன். அந்தக் காட்சியை நான் இன்றுவரை முழுக்க நினைத்துப் பார்த்ததில்லை. நம் வாசலில் பதினோரு குடும்பம் நின்றது. தோட்டத்தில் இலை தயாராக இருக்கிறது, போட்டால் தின்னப் புழு இல்லை. அந்த இலையை அப்புறம் ஆட்டுக்குத்தான் வெட்டிப் போட்டார்கள். என்ன ஆச்சும்மா என்று தங்கராசு அண்ணா கேட்டார். நான் வாயைத் திறந்தேன். ஹீட்டர் கருகியது என்று சொல்ல நினைத்தேன், அப்போது இன்னொரு அறை ஏன் சூடாக இல்லை என்று கேட்பார்கள். கரி வைத்தேன் என்று சொன்னால் சென்டரே போச்சு. நீ என் பக்கத்தில், கழுவின தட்டு ஒன்றைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தாய். நான் சொன்னேன்: "பாப்பா காலேஜ்ல ஏதோ படிச்சுட்டு வந்து எல்லாத்தையும் ஒரே ரூம்ல போடச் சொல்லுச்சுங்க. நானும் கேட்டுட்டேன்."

எல்லோரும் உன்னைப் பார்த்தார்கள். நீ என்னைப் பார்த்தாய். அந்த ஒரு நொடியில் நான் எதற்காக அப்படிச் சொன்னேன் என்பதை நீ முழுக்கப் புரிந்துகொண்டதை உன் முகத்தில் பார்த்தேன். அவர்கள் பக்கம் திரும்பி, "ஆமாங்க. என் தப்புதான்" என்றாய்.

நான் நினைத்தபடியே நடந்தது. படிக்கிற புள்ளையை யார் என்ன செய்வார்கள்? கன்னட வூட்டு ரத்னம்மாக்கா, விடு என்பதை அவர்கள் பாஷையில் "பிடு, பிடு, சின்னப் புள்ள" என்று உன் தலையைத் தடவிவிட்டார். கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும் புழுவைப் பற்றி என்று ஒருத்தர் சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். அடுத்த தடவை நல்ல புழுவாகக் கொடுக்கிறேன் என்றேன், இரண்டு குடும்பம் தவிர எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். சென்டர் பிழைத்தது. அன்றைக்கு உன் அப்பா சாப்பிட உட்கார்ந்து, தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "புள்ள தலையில கட்டிட்டு உனக்குச் சோறு எறங்குதா?" என்று மட்டும் கேட்டார். எனக்கு இறங்கியது, கண்ணு. அதுதான் அவமானம். பசியோடு சாப்பிட்டேன். நீ மறுநாள் காலேஜுக்குப் பஸ் ஏறும்போது, "நல்லவேளம்மா, என்னைக் கிண்டல் பண்ணதோட போச்சு" என்று எனக்கே ஆறுதல் சொன்னாய்.

அதோடு முடிந்திருந்தால்கூட ஒரு தப்பு என்று கணக்காகியிருக்கும். முடியவில்லை. பொய் நிற்க வேண்டுமானால், உன் யோசனை தப்பு என்று தினமும் நடந்து காட்ட வேண்டும். அதனால் அந்த மார்கழியில் இருந்து நேற்றுவரை, குளிர்காலம் வந்தால் மூன்று அறையிலும் ஹீட்டர் போட்டேன். தட்டு பாதி காலி. காலி ஸ்டாண்டுக்குச் சூடு. மூன்று அறையும் வேண்டியதில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். யாராவது ஒரே அறையில் வைத்தால் என்ன என்று கேட்டால், ஐயோ அந்தக் கதைதான் தெரியுமே என்று நானே சிரித்துச் சொல்வேன். நீ ஊருக்கு வரும்போதெல்லாம் தங்கராசு அண்ணா, "கம்ப்யூட்டரு வந்துடுச்சு, புழுவ ஒளிச்சு வெய்யுங்க" என்பார். நீயும் சிரிப்பாய். உன் புரோகிராமை நிறுத்திவிட்டு எல்லா மெஷினையும் ஓடவிடுவார்கள் என்று நீ சொன்னாயே, அந்தக் கட்டடத்தை நான் பார்க்காமலே பார்த்தேன். அங்கே சும்மா ஓடப்போகும் மெஷின்கள் எதற்காக ஓடும் என்று எனக்குத் தெரியும். யாரோ ஒருத்தர் சொன்ன பொய் கீழே விழாமல் இருப்பதற்காக ஓடும்.

நேற்று புதன்கிழமை, புழு எடுக்கும் நாள். எடுக்கிறவர்களோடு மற்றவர்களையும் வரச்சொல்லியிருந்தேன், ஒன்பது குடும்பம் வந்திருந்தது. எல்லோரும் இருக்கும்போதே தட்டுகளைக் கொடுப்பதற்கு முன்னால் சொன்னேன். இங்கே எழுதிய அத்தனையையும் சொன்னேன், ஹீட்டரை அணைத்தது, கரி வைத்தது, உன்மேல் போட்டது. முடிக்கும்வரை விடவில்லை. முடித்ததும் உன் அப்பா இலை மூட்டையைக் கீழே வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டார். தங்கராசு அண்ணாதான் முதலில் பேசினார். "அஞ்சு வருசமா அந்தப் புள்ளைய நான் கம்ப்யூட்டருன்னு கிண்டல் பண்ணிக்கிட்டு இருந்தேன். பக்கத்துல நின்னு நீயும் சிரிச்சியேம்மா" என்றார். ஆமாங்கண்ணா என்றேன். அவர் தன் தட்டுகளை எடுத்து வண்டியில் அடுக்கிக்கொண்டு, அடுத்த தடவைக்கு என்னை எண்ண வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அவரைத் தடுக்கவில்லை. இன்னும் இரண்டு பேர் எதுவும் சொல்லாமல் போனார்கள், அவர்களும் திரும்ப வர மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். வந்தால் வரட்டும் என்று காத்திருப்பேனே தவிர கெஞ்ச மாட்டேன். அந்தப் புழு என்னால் செத்தது, அதற்கான கோபம் எனக்கே சேர வேண்டியது, உன் பெயரில் ஐந்து வருஷம் தேங்கி நின்றிருக்கக் கூடாது.

ரத்னம்மாக்கா கடைசிவரை நின்றார். திட்டுவார் என்று பார்த்தேன். "இப்ப ரெண்டாவது ரூம் சூடா இருக்குமா?" என்று கேட்டார். இருக்கும், காலியாக இருந்தாலும் இருக்கும் என்றேன். "அப்ப அந்தப் புள்ள சொன்ன மாதிரியே ஒரே ரூம்ல வெய்யி. செவ்வாக்கெழம மட்டும் குடுக்காத" என்றார். அடுத்த தடவை பொரிக்கப்போகும் முட்டைகளுக்கு இன்று காலை நானே தாளில் கோடு கிழித்தேன். உன் அளவுக்கு நேராக வரவில்லை. மூன்றாவது அறையின் ஹீட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, சுவரில் மாட்டிவிட்டேன்.

இனி உன் விஷயம். அந்த மேலதிகாரி அம்மாவை நான் திட்டப்போவதில்லை. அவர் எப்படிப்பட்டவர் என்று எனக்கு உள்ளுக்குள் இருந்தே தெரியும். நல்லவர்தான், உனக்குக் கற்றுக் கொடுத்தவர்தான், ஒரு பயத்தில் பக்கத்தில் நின்ற பிள்ளையைக் காட்டிவிட்டார். பாவம்தான். நீ அவருக்காகக் கையெழுத்துப் போட்டால் அவர் பிழைத்துக்கொள்வார், நான் பிழைத்த மாதிரி. பிழைத்து, அடுத்த ஐந்து வருஷம் உன்னைப் பார்க்கும்போதெல்லாம் உள்ளே ஒன்று புழுத்துக்கொண்டே இருக்கும், வெளியே சிரித்துக்கொண்டு இருப்பார். இதை ஒரு உதவி என்று நினைக்காதே. நீ எனக்குச் செய்தது உதவி இல்லை என்று உதவி வாங்கினவளே சொல்கிறேன். அன்றைக்கு நீ, "இல்லீங்க, அம்மாதான் ஹீட்டர அணைச்சாங்க" என்று சொல்லியிருந்தால் சென்டர் மூடியிருக்கலாம். நான் உன்னோடு ஒரு மாசம் பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் என் மகளை நேராகப் பார்த்துப் பேசியிருப்பேன்.

உன் தப்பு என்று ஏதாவது இருந்தால் அதை முழுசாக ஒத்துக்கொள். அந்த ஆஸ்பத்திரி வரிசையில் நின்றவர்களுக்கு யாராவது பதில் சொல்லித்தான் ஆக வேண்டும், அதில் உன் பங்கு இருந்தால் குறைத்துச் சொல்லாதே. மாற்றியது தெரிந்தும் இரண்டு வாரம் மேலே யாரிடமும் போகாமல் இருந்தாய் என்றால் அதுவும் உன் பங்குதான், அதையும் எழுது. ஆனால் செய்யாததை எழுதாதே. முக்கியமாக, யோசனை தப்பு என்று எழுதாதே. ஒன்றுசேர்ப்பது தப்பில்லை, தூங்கவைப்பது தப்பில்லை, காத்திருக்க முடிந்த வேலையைக் காத்திருக்கச் சொல்வது தப்பில்லை. ஓர் அறையைத் தயாராக வைக்காமல் விட்டதுதான் தப்பு, அதை நீ செய்யவில்லை. அங்கேயும் செய்யவில்லை, இங்கேயும் செய்யவில்லை. இந்த உலகத்தில் இத்தனை கரண்டைச் சும்மா எரிக்கிறோமே என்று வருத்தப்படுகிற ஆட்கள் நிறைய இருக்கலாம். உட்கார்ந்து கோடு கிழித்து ஒரு வழி கண்டுபிடிக்கிறவர்கள் கொஞ்சம் பேர். அப்படிக் கண்டுபிடித்ததைப் பயந்தவர்கள் வந்து இரண்டு தடவை கெடுத்தார்கள், முதல் ஆள் உன் அம்மா. மூன்றாவது ஆளாக நீயே போய்ச் சேராதே.

வேலை போகலாம். அதை நான் சின்ன விஷயமாகப் பேசவில்லை. பெண்ணுக்குப் பெங்களூரில் வேலை என்று சொல்லிச் சொல்லி நடந்த தெருவில், வேலை போச்சு என்றும் சொல்லிக்கொண்டு நடப்பேன். காரணம் கேட்டால் காரணத்தையும் சொல்வேன். கேட்கிறவர்கள் உச்சுக்கொட்டினால் கொட்டட்டும். நீ ஊருக்கு வந்து நாலு மாசம் தூங்கினாலும் சரி, வராமல் அங்கேயே வேறு வேலை தேடினாலும் சரி, நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். எப்போது திருமணம் என்றுகூடக் கேட்க மாட்டேன், அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்கே தெரியும்.

இதைக் குழுவில் போட்ட பிறகு உனக்கு நிறையப் போன் வரும். சிலர் என்னைத் திட்டுவார்கள், எனக்காகப் பரிந்து பேசாதே. தங்கராசு அண்ணா கூப்பிட்டாலும் கூப்பிடுவார், அவருக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது, இலை நிலவரம் பேசிவிட்டு வைத்துவிடுவார், அதையே மன்னிப்பாக எடுத்துக்கொள். என்மேல் கோபம் வந்தால் வரட்டும், இத்தனை வருஷம் வராமல் இருந்ததுதான் எனக்குப் பயம். எனக்குப் பதில் எழுத வேண்டாம், போனும் செய்ய வேண்டாம். திங்கட்கிழமைவரை காத்திருக்கவும் வேண்டாம். நீ எழுதிய அந்த மெயிலை, பார்க்க வேண்டியவர்களுக்கு இன்றைக்கே அனுப்பு.

அம்மா